விசிலை நம்பிப் படிப்பை விடலாமா? ஒரு திருப்பூர் அம்மாவுக்கு

போன மாதம் அவிநாசியில் நடந்த உயர்கல்வி வழிகாட்டி முகாமில் கடைசி ஆளாக வந்து உட்கார்ந்தார் ஓர் அம்மா. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். ஒரே மகள், பி.காம். இரண்டாம் ஆண்டு. பள்ளியில் கால்பந்து ஆடிய பெண். போன வருஷம் மாவட்ட அளவில் ரெஃப்ரி தேர்வு எழுதித் தேறிவிட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் விசிலும் கையுமாகக் கிளம்பிவிடுகிறாள். கம்ப்யூட்டரில் கணக்கு எழுதப் பழகும் டேலி கிளாஸ் போவதை நிறுத்திவிட்டாள். டிகிரியே வேண்டாம், முழுநேரமாக இதையே செய்கிறேன் என்கிறாள்.

"ஏனுங்க சார், பந்து ஆடறவங்களுக்குக் காசு குடுக்கறாங்கன்னா சரிங்க. நடுவுல ஓடி விசில் ஊதறவங்களுக்கு யாருங்க சம்பளம் குடுப்பாங்க?" என்று கேட்டார். முகாமில் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதே குழப்பத்தில் இன்னும் சில பெற்றோர் இருப்பார்கள் என்பதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் பாப்பா சொன்னது பொய் இல்லை. இங்கிலாந்தில் 2001-ல் இருந்து மேல்மட்ட ரெஃப்ரிகளுக்கு அது முழுநேர வேலை. மாதச் சம்பளம் உண்டு. ஓட்டப் பயிற்சி தரவும், முந்தைய வார ஆட்டத்தைத் திரையில் போட்டுக் காட்டித் தவறைத் திருத்தவும் ஆட்கள் உண்டு. அதற்கு முன்னால் அங்கேயும் வாரநாளில் ஒரு வேலை, சனிக்கிழமை ஆட்டம் என்றுதான் இருந்தது. இந்தியாவிலும் சிலரை முழுநேரமாக எடுத்து வளர்க்கும் முயற்சி நடந்திருக்கிறது. ஆனால் அப்படி எடுக்கப்படுகிறவர்கள் நாடு முழுக்கப் பொறுக்கி எடுத்த ஒரு சிலர்தான். பாப்பா நிற்பது மாவட்டப் படியில். அதற்கு மேலே மாநிலம், தேசியம், அப்புறம் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா என்று வரிசையாக இருக்கிறது.

"இதெல்லாம் ஒரு வேலையா" என்று நீங்கள் கேட்டீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆட்டத்தில் ரெஃப்ரி பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது சாதாரணம். பெண்களுக்கான சர்வதேச நடுவர் தகுதித் தேர்வில் 40 மீட்டரை ஆறு முறை ஓட வேண்டும், ஒவ்வொரு முறையும் 6.4 விநாடிக்குள். அது முடிந்து மூச்சு வாங்கிய பிறகு அடுத்த சோதனை. 75 மீட்டரை 17 விநாடியில் ஓடி, 25 மீட்டரை 20 விநாடியில் நடந்து, மறுபடி ஓடி, மறுபடி நடந்து, இப்படி 40 தடவை. கூட்டினால் நாலு கிலோமீட்டர். இடையில் பின்தங்கினால் தேர்வு போச்சு. ஆண்கள் ஆட்டத்தை நடத்த வேண்டுமென்றால் பெண்ணும் ஆண்களின் நேரக் கணக்கிலேயே ஓடிக்காட்ட வேண்டும். இத்தனையும் உடம்புக்கு மட்டும். விதிப் புத்தகத்தில் 17 விதிகள் இருக்கின்றன, வருஷா வருஷம் ஏதாவது ஒன்றைத் திருத்துகிறார்கள். களைத்துப்போன எண்பத்தைந்தாவது நிமிஷத்தில், இரண்டு பக்கமும் கத்திக்கொண்டிருக்கும்போது, அவற்றில் சரியான வரி கண நேரத்தில் நினைவுக்கு வர வேண்டும்.

கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச் 9 அன்று சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று தேசிய அளவிலான ஐ-லீக் கால்பந்துப் பட்டத்தைத் தூக்கியது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளிதான் அதிகம். நம் ஊர்க்காரர்கள் ஆட்டக்காரர்களின் பெயரை இன்றைக்கும் சொல்வார்கள். அன்றைக்கு விசில் பிடித்தவர் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு பட்டமே தொங்கிக்கொண்டிருந்த தொண்ணூறு நிமிஷம் அவர் கையில் இருந்தது. அந்தப் பொறுப்புக்கு ஏற்ற கூலி ரெஃப்ரிக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. மேல்மட்டப் போட்டி நடத்துகிறவர்களை முழுநேரமாக வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். கீழ்மட்டத்தில் ஆட்டக் கூலியை உயர்த்த வேண்டும், அன்றன்றைக்கே கையில் கொடுக்க வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு பையன் காரணம். ஈரோட்டுப் பக்கத்துப் பையன், என்னிடம் ஆலோசனைக்கு வந்தவன். நூல் மில்லில் நைட் ஷிஃப்ட். சனிக்கிழமை இரவு மில்லில் நின்றுவிட்டு, ஞாயிறு விடியற்காலை பஸ் பிடித்து சேலத்துக்கோ கரூருக்கோ போய், ஒரே நாளில் இரண்டு ஆட்டம் நடத்துவான். பஸ்ஸில் நின்றுகொண்டேகூடத் தூங்கியிருக்கிறேன் சார் என்பான். ஆட்டக் கூலியை அடுத்த மாதம் தருகிறோம் என்பார்களாம், அது நாலு மாதம் ஆகும். பஸ் செலவும் ஷூவும் போக மிச்சம் என்ன என்று ஒரு நாள் நானும் அவனும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். மிச்சமே இல்லை. கையை விட்டுத்தான் போயிருந்தது. மூன்றாம் வருஷம் விசிலை எடுத்து வைத்துவிட்டான். நான் பார்த்த பையன்களில் அவ்வளவு நிதானமானவன் வேறு யாரும் இல்லை. ஆட்டக்காரன் முகத்துக்கு நேரே வந்து கத்தினாலும் குரலை உயர்த்தாமல் பேசுவான். அவனை மாதிரி ஆளை இழந்துவிட்டு, தரமான நடுவர் கிடைப்பதில்லையே என்று புலம்பி என்ன பயன்?

முழுநேரம் ஆக்கிவிட்டால் தவறே நடக்காது என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்தில் இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்தும் வாராவாரம் சண்டை நடக்கத்தான் செய்கிறது. ஆனால் முழுநேரம் என்றால் முதலில் தூக்கம் கிடைக்கிறது. ஓடிய கால் ஆற நேரம் கிடைக்கிறது. போன வாரம் எந்த இடத்தில் நின்றதால் அந்த ஃபவுல் கண்ணில் படவில்லை என்று நிதானமாகப் பார்க்க முடிகிறது. என் ஈரோட்டுப் பையனுக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கூலிக்கும் நேர்மைக்கும் நேர்க்கோடு போட முடியாது, தெரியும். ஜெர்மனியில் 2005-ல் ராபர்ட் ஹொய்சர் என்ற ரெஃப்ரி பந்தயக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ஆட்டங்களைத் திருப்பியது வெளியே வந்து, அவர் சிறைக்குப் போனார். பேராசைக்கு எந்தச் சம்பளமும் போதாது. ஆனாலும் வீட்டு வாடகைக்கே திண்டாடுகிறவர் கையில் லட்சக்கணக்கில் பந்தயம் நடக்கும் ஆட்டத்தைக் கொடுப்பது நியாயமில்லை.

சரி, ரெஃப்ரிக்கு நல்ல சம்பளம் வேண்டும் என்று இவ்வளவு பேசுகிறவர், மகளைப் படிப்பை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறாரா என்று நீங்கள் பதறலாம். இல்லை அம்மா. கிடைக்க வேண்டியது வேறு, இன்றைக்குக் கிடைப்பது வேறு. உங்கள் வீட்டு அரிசி இன்றைக்குக் கிடைப்பதில்தான் வேக வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வைக்கிறவர்களைப் பாருங்கள். நெட்டை ரகம் என்றால் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம். அதுவரைக்கும் தோப்பைச் சும்மா போடுவார்களா? நடுவில் கடலையோ உளுந்தோ வாழையோ போட்டு வருமானம் பார்ப்பார்கள். ஊடுபயிருக்கு விடும் தண்ணீரில் தென்னையும் வளரும். ஃபிஃபா பட்டியலில் ரெஃப்ரியாகப் பெயர் வர குறைந்தபட்சம் 25 வயது ஆக வேண்டும், உதவி ரெஃப்ரிக்கு 23. பாப்பாவுக்கு இப்போது 19. அப்படியானால் எல்லாம் நல்லபடியாக அமைந்தாலும் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்துக்கு ஊடுபயிர் வேண்டும். அதுதான் பி.காம்.

உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தையே நடத்தியவர்களிடமும் இந்த ஊடுபயிர் இருந்திருக்கிறது. 2002 இறுதி ஆட்டத்தை நடத்திய இத்தாலிக்காரர் கொல்லினா நிதி ஆலோசகராக இருந்தவர். 2010 இறுதி ஆட்டத்தை நடத்திய ஹோவர்ட் வெப் இங்கிலாந்தில் போலீஸ் சார்ஜென்டாக வேலை பார்த்தவர். 2021-ல் வெம்ப்ளியில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு விசில் ஊதிய நெதர்லாந்துக்காரர் குய்ப்பர்ஸ் சூப்பர் மார்க்கெட் நடத்துகிறவர். ஜெர்மனியின் ஃபீலிக்ஸ் பிரிக் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பாப்பாவிடம் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள், உங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

முழுநேர வேலையிலும் ஒரு பயம் இருக்கிறது. ஒரு சீசன் சரியாக அமையாவிட்டால் ஆட்டம் கொடுப்பது குறையும். தொடையில் ஒரு தசை கிழிந்தால் மாதக்கணக்கில் வீடு. ஓடும் வேலையில் ஐம்பது வயதுவரை தாக்குப்பிடிப்பது அபூர்வம். அப்போது திரும்பி வந்து நிற்க ஒரு பட்டம் கையில் இருக்க வேண்டும்.

எந்த வேலை என்பதில் கவனம் வேண்டும். நீங்கள் மனதில் வைத்திருப்பது எக்ஸ்போர்ட் கம்பெனி அக்கவுண்ட்ஸ் வேலை. ஷிப்மென்ட் நேரத்தில் அங்கே ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது, அது உங்களுக்கே தெரியும். ஆடிட்டர் ஆபீஸ் என்றால் மாதாமாதம் ஜிஎஸ்டி தேதி நெருங்கும்போது இரவு ஆகும், மற்ற நாட்களில் சமாளிக்கலாம். என்னைக் கேட்டால் வங்கித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் இப்போதே படிக்கச் சொல்வேன். வங்கியில் எல்லா ஞாயிறும், இரண்டாம் நான்காம் சனிக்கிழமையும் விடுமுறை. ரெஃப்ரிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? எந்த இடமாக இருந்தாலும், வெளியூர் ஆட்டத்துக்கு விடுப்பு தருவார்களா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டவர்கள்தான் பின்னால் கஷ்டப்படுகிறார்கள்.

இன்னொரு வழி உடற்கல்வி. பி.காம். முடித்துவிட்டு இரண்டு வருட பி.பி.எட். படித்தால் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆகலாம். பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயாவின் மாருதி உடற்கல்விக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, பெண்களைச் சேர்ப்பது பற்றி நேரில் போய் விசாரித்துக்கொள்ளுங்கள். மைதானத்தை விட்டு விலகாமல் இருக்கலாம் என்பது இதில் நல்ல பக்கம். பள்ளி அணியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய நாளும் அவள் ஆட்டம் நடத்த வேண்டிய நாளும் மோதிக்கொள்ளும் என்பது சிரமம்.

பெண் பிள்ளை, பஸ்ஸில் தனியாகப் போகிறாள், ஆண்கள் கத்துகிற இடம் என்று நீங்கள் தயங்கித் தயங்கிச் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியூர் ஆட்டத்துக்கு இன்னொரு பெண் நடுவரோடு சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உடை மாற்ற அறை உண்டா, கழிப்பறை உண்டா, எத்தனை மணிக்கு முடியும் என்று முன்னாடியே கேட்டு வாங்க வேண்டும். கேட்பது அவள் உரிமை. கூடவே இதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குப் பக்கத்துத் திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஃபிஃபா நடுவர் பட்டியலில் இடம்பிடித்தவர். 2022 டிசம்பர் 1-ல் கத்தாரில் ஜெர்மனியும் கோஸ்டாரிகாவும் ஆடிய உலகக் கோப்பை ஆட்டத்தை பிரான்ஸின் ஸ்டெஃபனி ஃப்ராப்பார் நடத்தினார். கோட்டோரம் நின்ற இரண்டு உதவி நடுவர்களும் பெண்கள்தான். ஆண்கள் உலகக் கோப்பையில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. 2002 உலகக் கோப்பையில் உதவி நடுவராகக் கொடி பிடித்த கோமளீஸ்வரன் சங்கர் நம் நாட்டுக்காரர். ஆகாத காரியம் ஒன்றும் இல்லை.

அதனால் அவளிடம் விசிலைப் பிடுங்கி வைக்காதீர்கள். டிகிரியை முடிப்பது, வேலைத் தேர்வுக்குப் படிப்பது என்று அவள் பக்கம் இரண்டு வாக்குறுதி. ஞாயிற்றுக்கிழமை அவளுடையது என்று உங்கள் பக்கம் ஒரு வாக்குறுதி. ஆட்டக் கூலி, பஸ் செலவு, எந்தத் தேதியில் பணம் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். பி.காம். பிள்ளைக்கு அது பெரிய வேலை இல்லை. ஒரு வருஷம் கழித்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் என்னிடம் வாருங்கள், அடுத்த படியைப் பேசுவோம்.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு நீங்களே மைதானத்துக்குப் போய் உட்காருங்கள். அவள் நடத்தும் ஆட்டத்தை நீங்கள் இன்னும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று சொன்னீர்கள். காலை ஏழு மணிக்கே வெயில் ஏறிவிடும், குடையும் ஒரு பாட்டில் மோரும் எடுத்துக்கொண்டு போங்கள்.