கணக்கில் இலாபம், லாச்சியில் காசில்லை: ஏன்?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் பலசரக்குக் கடை நடத்துகிறேன். ஜனவரியில் 4 இலட்சம் ரூபாவுக்கு வியாபாரம். விற்ற சாமானின் கொள்விலை 3,10,000. வாடகை, கரண்ட், பெடியனின் சம்பளம் 45,000. 45,000 இலாபம் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் மாதத் தொடக்கத்தில் 80,000 இருந்த லாச்சியில் இப்போது 10,000தான். காசு எங்கே போனது?

பதில்: சகோதரி, காசு களவு போகவில்லை. நீங்கள் எழுதி அனுப்பிய மற்ற விபரங்களிலேயே விடை இருக்கிறது.

விற்ற 4 இலட்சத்தில் 60,000 கடன். பட்டிருப்புப் பாலம் தாண்டி வரும் வெல்லாவெளிச் சனம் "வெள்ளாமை வெட்டினதும் தாறன்" என்று சொல்லிக் கொண்டுபோன சாமான் அது. விற்ற அன்றே அதை வருமானமாக எழுதுவது சரிதான். காசு மட்டும் இன்னும் வரவில்லை. அவர்கள்தான் உங்கள் கடன்பட்டோர். அடுத்து, பொங்கலுக்கென்று கூடுதலாக எடுத்த சீனியும் மாவும் 25,000 ரூபாவுக்கு இன்னும் கடையில் கிடக்கின்றன. அது செலவு இல்லை, இருப்பு. விற்கும்போதுதான் செலவாகும். மூன்றாவது, வீட்டுச் சாப்பாட்டுக்கும் பிள்ளையின் டியூஷனுக்கும் எடுத்த 30,000. அது கடைச் செலவே இல்லை, உங்கள் எடுப்பனவு. கடை வேறு, நீங்கள் வேறு. கணக்கியலில் முதலில் பழக வேண்டியது இதுதான், நம் ஊர்க் கடைகளில் அதிகம் குழம்புவதும் இதில்தான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். கடன்பட்டோர் 60,000 கூடியது, இருப்பு 25,000 கூடியது, காசு 70,000 குறைந்தது. ஆகச் சொத்து 15,000 கூடியிருக்கிறது. மறுபக்கம் இலாபம் 45,000, அதில் எடுப்பனவு 30,000 போக மூலதனமும், அதாவது கடையில் உங்களுக்குச் சொந்தமான பங்கும், அதே 15,000 கூடியிருக்கிறது. சொத்து எப்போதும் பொறுப்பும் மூலதனமும் சேர்ந்த தொகைக்குச் சமம். மொத்த வியாபாரிக்குப் பாக்கி வைத்திருந்தால் அது பொறுப்பில் வரும். உங்களுக்கு அது இல்லை. இரண்டு பக்கமும் ஒத்து வந்தால் காசு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1,50,000க்கு வாங்கிய பிரிட்ஜ் பத்து வருடம் உழைக்கும் என்றால் மாதம் 1,250 பெறுமானத் தேய்வு, அதாவது பாவிக்கப் பாவிக்க அதன் பெறுமதி குறைவது. அதைக் கழித்தால் இலாபம் 43,750.

பெரிய கணக்குப் புத்தகம் ஒன்றும் வேண்டாம், கொப்பி போதும். காசு வரவு செலவுக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று. வீட்டுக்கு எடுப்பதைக் காசுக் கொப்பியிலேயே தனி நிரலில், நூறு ரூபா என்றாலும் எடுத்த உடனே எழுதுங்கள். இரவில் எழுதலாம் என்று விட்டால் மறந்துவிடும்.

பெரும்போக அறுவடை முடிந்ததும் கடன் கொப்பியைப் பெயர் பெயராகப் பாருங்கள். இனி வராது என்று தெரிந்த தொகையை அறவிட முடியாக் கடனாக இலாபத்திலிருந்து கழியுங்கள். பழைய பாக்கி கிடக்கும் ஆளுக்குச் சிறுபோகத்துக்கும் கடன் கொடுப்பதா என்பதை அப்போது முடிவு செய்யுங்கள்.