ஆற்றங்கரையில் வளர்ந்த நான், மகனைப் பால் வாங்க அனுப்பத் தயங்குகிறேன்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு வயது 42. அம்பாசமுத்திரம் பக்கத்தில் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவள். கோடை விடுமுறையில் காலையில் பழையது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு திரும்புவோம். மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்துக் குரங்குப் பெடல் போட்டதும், இரண்டு நெற்றுத் தேங்காயைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகியதும் எந்தப் பெரியவரும் கூட நின்று கற்றுத் தந்தவை அல்ல. ஒரு கோடையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் ஆற்றின் ஆழமான கசத்தில் சிக்கி இறந்துபோனான். பத்து நாளில் நாங்கள் மறுபடி ஆற்றுக்குப் போகத் தொடங்கிவிட்டோம்.

இப்போது சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். 10 வயது மகனுக்கு, இருக்குமிடம் காட்டும் கைக்கடிகாரம் கட்டிவிட்டிருக்கிறேன். எதிர்ச்சாரிக் கடையில் தனியாகப் போய்ப் பால் வாங்கி வரட்டுமா என்று போன வாரம் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அன்று இரவு வெகுநேரம் அழுதுகொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்ததை அவனுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறேனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் சைக்கிளும் நெற்றுத் தேங்காயும் ஆசையாக வருகின்றன. கசத்தில் போன பையன் ஒரே வரியில் வந்து மறைகிறான். என் கண் அங்கேதான் நின்றது. ஒரு கடிதத்தை வைத்து முடிவாகச் சொல்ல முடியாது என்றாலும், அன்று யாரும் உங்களை உட்காரவைத்துப் பேசாத அந்தச் சாவுதான் இன்று சாலையைக் கடக்க நினைக்கும் மகனைப் பிடித்து நிறுத்துகிறதோ என்று தோன்றுகிறது.

இன்னொன்று, நீங்கள் நினைப்பதுபோல் யார் கண்ணிலும் படாமல் நீங்கள் வளரவில்லை. திண்ணையில் இருந்த ஆச்சிகளுக்கும், படித்துறையில் துணி துவைத்தவர்களுக்கும் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கும் உரிமை இருந்தது. ஒரு தெருவே பகிர்ந்துகொண்ட காவலை இன்று நீங்கள் ஒருவரே சுமக்கிறீர்கள். அசதி வராமல் என்ன செய்யும்?

இது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததும் அல்ல. இங்கிலாந்தில் 1971-இல் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதத்தினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள் என்றும், 1990-இல் அது 9 சதவீதமாகச் சுருங்கிவிட்டது என்றும் மேயர் ஹில்மேன் என்ற ஆய்வாளரின் குழுவினர் கண்டார்கள். பெற்றோர் முதன்மையாகச் சொன்ன காரணம் வாகனங்கள். சென்னைச் சாலையை அறிந்த எவரும் அதை வீண்பயம் என்று சொல்லமாட்டார்கள். ஆகவே உங்கள் தயக்கத்துக்காக வெட்கப்பட வேண்டாம்.

ஆனால் தயக்கத்தைச் சிறு பங்குகளாகப் பிரிக்கலாம். ஒரு வாரம் மகன் முன்னே நடக்கட்டும், நீங்கள் பின்னே செல்லுங்கள். எப்போது கடப்பது என்பதை அவனே சொல்லட்டும். அடுத்த வாரம் குடியிருப்பு வாசலிலேயே நின்றுகொள்ளுங்கள். கடைக்காரரிடம் "இவன் என் பையன்" என்று சொல்லிவையுங்கள். திண்ணை ஆச்சியின் வேலையில் கொஞ்சம் அவர் பார்ப்பார். பிறகு ஒரு நாள் தனியாக அனுப்பி, அந்தப் பத்து நிமிடம் மட்டும் கைபேசியில் அவன் இருக்குமிடத்தைப் பார்க்காமல் இருங்கள். அழுகையும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் ஆலோசகர் ஒருவரை நேரில் பார்ப்பது நல்லது.

ஆற்றைப் பற்றி மகனுக்கு நிறையச் சொல்லியிருப்பீர்கள். அந்தப் பையனின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கும். அவனைப் பற்றியும் ஒரு நாள் சொல்லுங்கள்.