கரண்ட் கட்டணம் யார் கணக்கு, ஜிஎஸ்டி யார் கணக்கு?

என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறார். ஓவர்டைம் நின்று பல மாதம் ஆகிறது. "நோட்டைச் செல்லாது என்று சொல்லி, ஜிஎஸ்டி போட்டவர்கள்தான் காரணம்" என்கிறார் என் அண்ணன். "கரண்ட் கட்டணத்தை ஏற்றி, கடனை வாங்கிக் குவித்த மாநில அரசுதான் காரணம்" என்கிறார் கொழுந்தனார். பண்டிகைக்கு வந்தால் சாப்பாட்டு இலையிலேயே சண்டை. யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, ஆம்பூர்

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது அம்மா. ஆனால் ஆளுக்கொரு கட்சி என்பதால், தங்கள் கட்சி கையெழுத்துப் போட்டதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டுகளுக்கு நான் நெடுங்காலம் கணக்கு எழுதியவன். அதனால் பேரேட்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். நம் யூனிட்டுகளில் சனிக்கிழமை சாயங்காலம் கூலி, அதுவும் ரொக்கம். நடப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 50,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். நாற்பது பேர் வேலை செய்கிற இடத்துக்கு அது எந்த மூலைக்கு? பாதிப் பேருக்குப் பாதிக் கூலி கொடுத்து, மீதியை நோட்டுப் புத்தகத்தில் பாக்கி என்று எழுதினேன். அடுத்த வாரம் அரிசி வாங்கக்கூடக் காசில்லை என்று நின்ற பெண்களின் முகம் எனக்கு மறக்காது. கடைசியில் அந்த நோட்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிக்கே திரும்பிவிட்டன என்று ரிசர்வ் வங்கியே சொன்னது. இந்த முடிவு முழுக்க மத்திய அரசுடையது. இதில் பங்கு கேட்க வேறு யாரும் இல்லை.

ஜிஎஸ்டி அப்படி இல்லை. 2017 ஜூலை 1இல் வந்த அந்த வரியை நிர்ணயிக்கும் கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, மாநிலங்களுக்கெல்லாம் சேர்த்து மூன்றில் இரண்டு. எதுவும் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். மத்திய அரசு வேண்டாம் என்றால் நடக்காது, மாநிலங்கள் பெரும்பாலும் சேராவிட்டாலும் நடக்காது. சட்டத் திருத்தத்தின்போது 2016 ஆகஸ்ட்டில் மாநிலங்களவையிலிருந்து வெளிநடப்பு செய்த அ.தி.மு.க.வின் அரசும் பிறகு அந்தக் கவுன்சிலில் உட்கார்ந்தது. ஆனால் நம் ஊரை அடித்தது வரி விகிதத்தைவிட ரீஃபண்டுதான். ஏற்றுமதிக்காரர் தோலுக்கும் சோலுக்கும் கட்டிய வரி திரும்பி வர மாதக்கணக்கில் ஆனது. அவருக்குப் பணம் வருவது நின்றதும், தைத்துக் கொடுத்தவருக்கு "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றார். அந்தத் தாமதம் நிர்வாகக் கோளாறு. அதற்கும் பெரும்பாலும் மத்திய அரசைத்தான் கேட்க வேண்டும்.

சரி, கொழுந்தனார் வாதத்துக்கு வருவோம். 2022 செப்டம்பரில் மின் கட்டணம் ஏறியது மாநிலக் கணக்கு. மின்வாரிய ரசீதை எடுத்துப் பாருங்கள். யூனிட் கணக்கு ஒரு வரி, நிலைக்கட்டணம் தனி வரி. ஆர்டர் இல்லாமல் மெஷினைத் துணி போட்டு மூடி வைத்தாலும் அந்த இரண்டாவது வரி வரும். சிறுதொழில்காரர்கள் கத்தியது இதற்காகத்தான், நியாயமாகவே கத்தினார்கள். வாரியத்தின் நஷ்டமோ இரண்டு கழக ஆட்சிகளிலும் சேர்ந்தது. கடனும் அப்படித்தான். 2021 ஆகஸ்ட்டில் தி.மு.க. அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று கணக்குச் சொல்லி முந்தைய அ.தி.மு.க. ஆட்சியைக் காட்டினார்கள். அவர்கள் அதற்கும் முந்தையதைக் காட்டினார்கள். ஆனால் ஓவர்டைம் நின்றதற்கும் அந்தக் கடனுக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

அமெரிக்காவுக்குப் போகிற ஷூவாக இருந்தால் வேறொரு தேதி இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு அங்கே 50 சதவீத வரி போட்டார்கள். பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக. அது அண்ணன் கட்சியும் போட்டதில்லை, கொழுந்தனார் கட்சியும் போட்டதில்லை. உங்கள் வீட்டுக்காரர் வெட்டுகிற தோல் எந்த நாட்டு ஆர்டருக்கு என்று முதலில் கேளுங்கள். அது தெரியாமல் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

பெட்ரோல் விலைக்கு மத்திய அரசு மாநிலத்தையும், மாநிலம் மத்திய அரசையும் கை காட்டுகின்றன. யாரை நம்புவது?
— ஓர் ஆட்டோ ஓட்டுநர், காட்பாடி

2020 மே முதல் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. ஊரடங்கில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் அதலபாதாளத்தில் கிடந்தது. அந்த ஒரே வாரத்தில் தமிழக அரசு பெட்ரோலுக்கு 3.25 ரூபாயும் டீசலுக்கு 2.50 ரூபாயும் ஏற்றியது. மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் ஏற்றியது. மத்திய வரியால் அன்று பம்பில் விலை ஏறவில்லை. உங்களுக்கு இறங்கியிருக்க வேண்டிய விலை இறங்கவில்லை. சவாரியே இல்லாமல் ஸ்டாண்டில் வண்டி நின்ற நாட்கள் அவை. பிறகு 2021 ஆகஸ்ட்டில் மாநிலம் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது, நவம்பரில் மத்திய அரசு பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10 குறைத்தது. இரண்டு பேரும் எடுத்தார்கள். மத்திய அரசு எடுத்ததுதான் பெரிய பங்கு.

1967இல் அரிசிப் பஞ்சத்தால்தான் காங்கிரஸ் ஆட்சி போனது என்கிறார் தாத்தா. பஞ்சத்துக்கு அந்த ஆட்சிதான் காரணமா?
— ஒரு கல்லூரி மாணவர், குடியாத்தம்

1965, 1966 இரண்டு வருடமும் நாட்டில் மழை பொய்த்தது. நடுவில் பாகிஸ்தானோடு போர். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆனது. இதில் எதையும் அப்போது முதலமைச்சராக இருந்த பக்தவத்சலம் செய்யவில்லை. இருக்கிற அரிசியைக் கொள்முதல் செய்து ஒழுங்காகப் பங்கிடுவது மட்டும் அவர் அரசின் வேலை, அதில் ஜனங்களுக்குத் திருப்தி இல்லை. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடும் சேர்ந்துகொண்டது. காமராஜரை 1954 இடைத்தேர்தலில் ஜெயிக்க வைத்தது உங்கள் ஊர். அவரே 1967இல் விருதுநகரில் தோற்றார்.

தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது. ஆட்சிக்கு வந்ததும் ஒரு படித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. குடியாத்தத்தில் அப்போது அரிசி என்ன விலைக்குக் கிடைத்தது என்று தாத்தாவிடம் கேட்டு எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.