பழைய வீடு, ஏலத்துக்கு முன்

கேள்வி: சிட்னி வென்ட்வொர்த்வில்லில் 1960-களில் கட்டிய ஃபைப்ரோ (மெல்லிய சிமெண்ட் பலகைச் சுவர்) வீடு ஏலத்துக்கு வருகிறது. வாங்கி வாடகைக்கு விடலாமா?

பதில்: விடலாம். ஆனால் சோதனையெல்லாம் ஏலத்துக்கு முன்பே முடிய வேண்டும். நேரடி விற்பனையென்றால் ஒப்பந்தம் போட்ட பின் விலகிக்கொள்ளப் பொதுவாக 5 வேலை நாள் அவகாசம் உண்டு. விலகினால் விலையில் 0.25 சதவீதம் போகும். ஏலத்தில் அந்த அவகாசமே கிடையாது.

கட்டட, கரையான் அறிக்கைகள் போதாது. கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விடச் சொல்லுங்கள். அந்தக் காலத்துச் சுட்டமண் குழாய். இணைப்பு வழியே மரவேர் புகுந்து அடைத்துக்கொள்ளும். முற்றத்தில் பெரிய யூகலிப்டஸ் நின்றால் இந்தச் செலவுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஃபைப்ரோ பலகையில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடையாமல் கிடந்தால் ஆபத்து குறைவு. துளையிட்டால், அறுத்தால்தான் தூசி கிளம்பும். 10 சதுர மீட்டருக்கு மேல் கழற்றுவதென்றால் உரிமம் உள்ளவரே செய்ய வேண்டும். அவரிடம் முன்பே விலை கேட்டு, ஏலத்தில் உங்கள் உச்சவரம்பிலிருந்து கழித்துவிடுங்கள்.