கடிகாரத்துக்குப் பின்னால் இருந்த சாவி

வணக்கம் சார்,

உங்கள் தளத்தை ஏழெட்டு வருடமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பெயரை வெளியிட வேண்டாம்.

நாங்கள் டெக்ஸஸில் இருக்கிறோம். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 6. போன வருடம் க்ரீன் கார்டு வந்தது. அடுத்த மாதமே கணவர் ஒரு பிஸ்டல் வாங்கிவிட்டார். எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டுப் போயிருந்தது. அவர் வேலை விஷயமாக மாதத்தில் பத்து நாள் வெளியூரில் இருப்பவர். "நான் இல்லாதபோது உங்களுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டாமா?" என்கிறார். கட்டிலுக்குப் பக்கத்து மேசையின் மேல் இழுப்பறையில், குண்டு போட்டபடியே அது இருக்கிறது. பூட்டி வைக்கச் சொன்னால், "திருடன் வந்து நிற்கும்போது சாவி தேடிக்கொண்டிருக்க முடியுமா? தொடக் கூடாது என்று பையனிடம் சொல்லிவிட்டேன். அவன் சொன்னால் கேட்பான்" என்கிறார்.

எனக்கு அதை நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அந்த இழுப்பறையை நான் திறந்ததே இல்லை. மகனின் நண்பன் ஒருவன் வீட்டில் ஐந்தாறு துப்பாக்கிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டதும் அங்கே விளையாட அனுப்புவதை நிறுத்திவிட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை. அந்தப் பையன் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறான். அவன் அம்மாவுக்கு என்மேல் வருத்தம் என்று தெரிகிறது. கணவரோ, "இங்கே இதெல்லாம் சாதாரணம், நீதான் பயந்து சாகிறாய்" என்று சிரிக்கிறார்.

நான் கோழையா, அவர் அலட்சியமா? இரண்டு பேரும் பிள்ளைகளுக்காகத்தான் பேசுகிறோம். ஆனால் பேச ஆரம்பித்தால் சண்டையில் முடிகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

யார் கோழை, யார் அலட்சியம் என்பதற்கு அப்புறம் வருகிறேன். வராமலும் போகலாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது. அவர் வெளியூரில் இருக்கும் அந்தப் பத்து நாட்களில் பிஸ்டல் எங்கே இருக்கும்? அதே இழுப்பறையில்தான் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் மாதத்தில் பத்து நாள், அதைக் கையாளத் தெரிந்த ஒரே ஆள் வீட்டில் இல்லை. தொடவே மாட்டேன் என்கிற நீங்கள் இருக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். குண்டு போட்ட துப்பாக்கி இருக்கிறது. அந்த நாட்களில் அது யாரைக் காப்பாற்றும்? துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற பழைய சண்டைக்குள் போகாமல், இந்தப் பத்து நாள் கணக்கை மட்டும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அவர் வாங்கியதில் சட்டப்படி தவறில்லை. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும்வரை, வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் தவிர, மத்திய அரசின் சட்டம் துப்பாக்கி வாங்க விடாது. க்ரீன் கார்டு வந்ததும் அந்தத் தடை போய்விடுகிறது. அதனாலோ என்னவோ, நம்மவர்களில் சிலருக்கு அதுவும் சொந்த வீடு மாதிரி, 'நானும் இந்த நாட்டுக்காரன்' என்று சொல்லிக்கொள்ள ஒரு பொருளாகிவிடுகிறது. கேலியாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கிறார். ஆகவே 'இங்கே சாதாரணம்' என்று உங்கள் கணவர் சொல்வது உண்மை. அதே நாட்டில், 2020 முதல், 1 வயதிலிருந்து 19 வயது வரையிலானவர்களின் சாவுக்கு முதல் காரணமாக இருப்பது துப்பாக்கிக் குண்டு. அதற்கு முன்பு வாகன விபத்து அந்த இடத்தில் இருந்தது. இதையும் அவர் சாதாரணம் என்பாரா தெரியாது.

பென்சில்வேனியாவில் நான் இருந்தபோது பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். வேட்டைக்காரர். அங்கே அப்போதெல்லாம் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த திங்கட்கிழமை மான் வேட்டை தொடங்கும். பல பள்ளிகளுக்கு அன்று விடுமுறையே விடுவார்கள். அவரிடம் ஆறு ரைஃபிள்கள். எல்லாம் இரும்பு அலமாரியில். தோட்டாக்கள் நிலவறையில் வேறொரு பெட்டியில், வேறொரு பூட்டுக்குள். ஒரு ரைஃபிளை எனக்குக் காட்ட எடுத்தால்கூட, முதலில் சேம்பரை, அதாவது சுடுவதற்குத் தயாராகக் குண்டு உட்காரும் அறையைத் திறந்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையில் தருவார். துப்பாக்கி என்றால் உங்களைப் போலவே முகம் சுளிக்கிற ஆள் நான். ஆனால் அவர் ஒழுங்கைப் பார்த்து என் மகனை அவர் பேரனோடு விளையாட நிம்மதியாக அனுப்பினேன்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகன் சொன்னான்: "தாத்தாவோட துப்பாக்கி அலமாரி சாவி கடிகாரத்துக்குப் பின்னாடி இருக்கு." எப்படித் தெரியும் என்றேன். பேரன் காட்டினானாம். அலமாரியைத் திறந்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றான். இன்றுவரை அந்தப் பதிலை நான் முழுதாக நம்பவில்லை.

அன்று மாலையே போய்ச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "அவனுக்குத் தெரியாது என்று நான் சத்தியம் செய்திருப்பேன்" என்றார். அந்த வாரமே சாவிப் பூட்டு போய் எண் பூட்டு வந்தது.

பின்னாளில்தான் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அலபாமாவின் கிராமப்புறம் ஒன்றில் செய்து 2006-இல் வெளியிட்டது. துப்பாக்கி உள்ள வீட்டுப் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்டிருக்கிறார்கள். 'அது இருக்கும் இடம் என் பிள்ளைக்குத் தெரியாது' என்ற பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள், தெரியும் என்று சொன்னார்கள். 'என் பிள்ளை அதைத் தொட்டதே இல்லை' என்றவர்களில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள், தொட்டிருக்கிறேன் என்றார்கள். துப்பாக்கியைப் பூட்டி, பிள்ளையிடம் பேசியும் வைத்திருந்த பெற்றோரும் மற்றவர்களைப் போலவே ஏமாந்திருந்தார்கள். எனக்கு அந்தப் பெரியவரின் முகம் நினைவுக்கு வந்தது.

'அவன் சொன்னால் கேட்பான்' என்பதற்கு வருவோம். அட்லாண்டாவில் 8 முதல் 12 வயதுவரையான 64 சிறுவர்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டுப் பார்த்தார்கள். 2001-இல் வெளியான ஆய்வு இது. ஓர் இழுப்பறையில் தண்ணீர்த் துப்பாக்கிகள். இன்னொன்றில் குண்டில்லாத நிஜக் கைத்துப்பாக்கி. ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் ஆராய்ச்சியாளர்கள். 29 குழுக்களில் 21 குழுக்கள் நிஜத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தன. 16 குழுக்கள் கையில் எடுத்தன. 10 குழுக்களில் யாராவது ஒருவன் விசையை அழுத்தினான். எடுத்தவர்களிலும் அழுத்தியவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், 'எங்களுக்குத் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி முன்பே சொல்லித் தந்திருக்கிறார்கள்' என்றவர்கள்தான். கண்டுபிடித்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது பொம்மையா நிஜமா என்பதே தெளிவாகவில்லை.

சொல்லித் தருவது வீண் என்று நான் சொல்லவில்லை. நில், தொடாதே, ஓடிவா, பெரியவரிடம் சொல் என்று துப்பாக்கிக்காரர்களின் சங்கமே 1988 முதல் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறது. உங்கள் மகனுக்கும் அது தெரியட்டும். ஆனால் 6 வயதுப் பையனின் கீழ்ப்படிதலைப் பூட்டு என்று கணக்கில் வைத்துக்கொள்ள முடியாது. அவன் நல்ல பையனாக இருப்பது வேறு விஷயம்.

இப்போது உங்கள் பக்கம். கொஞ்சம் கசக்கலாம்.

அந்த இழுப்பறையைத் திறந்ததே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் கொஞ்சம் பெருமையும் தெரிந்தது. பிடிக்காத பொருள் என்பதால் முழுப் பொறுப்பையும் அதைப் பிடித்தவர் கையில் விட்டுவிட்டீர்கள். அதன்மேல் நம்பிக்கை இல்லாதவர்தான் அதைக் கண்காணிக்கச் சரியான ஆள். ஒரு பயிற்சியாளரிடம் போய், சுடப் பழகாவிட்டாலும் பரவாயில்லை, குண்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவாவது கற்றுக்கொள்ளுங்கள். குண்டுகள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றிவிட்டால் காலியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சேம்பரில் ஒரு குண்டு அப்படியே நிற்கும். எத்தனையோ வீடுகளில் 'காலித் துப்பாக்கி' வெடித்தது இப்படித்தான். உங்கள் மாமனார் மாமியார் வந்து ஆறு மாதம் தங்கினால் அந்த இழுப்பறையை யார் துடைத்து அடுக்குவார்கள் என்பதையும் யோசியுங்கள்.

சட்டமும் 'அது அவர் துப்பாக்கி' என்று சுலபமாக விட்டுவிடுவதில்லை. டெக்ஸஸில், சுடத் தயாராக இருக்கும் துப்பாக்கி 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்கு எட்டும்படி கவனக்குறைவாக விட்டு, பிள்ளை அதை எடுத்துவிட்டால், விட்டவர்மேல் குற்றம். அது வெடித்து உயிரோ பெருங்காயமோ என்றால் ஒரு வருடம் வரை சிறை. மிச்சிகனில் 2021-இல் ஒரு 15 வயது மாணவன் பள்ளியில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்ற வழக்கில், தாய், தந்தை இருவருக்குமே 2024-இல் 10 முதல் 15 ஆண்டு தண்டனை கிடைத்தது. அந்தப் பெற்றோரின் கதை வேறு, உங்களோடு ஒப்பிடவில்லை.

சாவி தேட நேரமில்லை என்ற அவருடைய வாதத்துக்குப் பதில் கடையிலேயே இருக்கிறது. எண்களை அழுத்தினால் ஓரிரு நொடியில் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டிகள் விற்கிறார்கள். கட்டிலோடோ சுவரோடோ திருகி வைத்துவிடலாம். கைரேகைப் பெட்டி என்றால் ஒரு எச்சரிக்கை: 2023-இல் ஒரு நிறுவனம் விற்ற 60,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பதிவு செய்யாத விரலுக்கும் அவை திறந்துவிட்டன. எதை வாங்கினாலும் உங்கள் விரலையும் பிள்ளைகள் விரலையும் வைத்து நீங்களே சோதித்துப் பாருங்கள். அவர் ஊரில் இல்லாத நாட்களுக்கு, குண்டுகளை எடுத்துத் தனியே பூட்டிவிட்டு, துப்பாக்கிக்குக் கேபிள் பூட்டு (உள்ளே கம்பியை நுழைத்துப் பூட்டுவது) போடுங்கள். அதை வாங்கக்கூட வேண்டியிருக்காது. உரிமம் பெற்ற கடைகளில் கைத்துப்பாக்கி வாங்கினால் ஏதாவதொரு பூட்டைச் சேர்த்தே தர வேண்டும் என்று 2005-இல் சட்டம் வந்தது. உங்கள் வீட்டில் அது பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு வந்த பெட்டியிலேயே கிடக்கும், பாருங்கள். திருடனைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள்: ஆளில்லாத வீட்டுக்கு வருகிறவன் முதலில் கைவைக்கிற இடங்களில் அந்த இழுப்பறையும் ஒன்று.

நீங்கள் இருவருமே மகனைப் பற்றித்தான் சண்டை போடுகிறீர்கள். எனக்குக் கவலை உங்கள் மகளைப் பற்றி. 13 வயது. நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் இது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அந்த வயதில் சில சமயம் ஒரு மதிப்பெண்ணாலோ, ஒரு குறுஞ்செய்தியாலோ வந்து, சில மணி நேரத்தில் கடந்தும் போய்விடும். துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதில்லை. வளரிளம் பிள்ளைகள் இப்படி எடுக்கும் துப்பாக்கி பெரும்பாலும் சொந்த வீட்டுத் துப்பாக்கிதான். அந்தச் சில மணி நேரம் அது கிடைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவளுக்குத் தெரியாத எண், அவள் திறக்க முடியாத பெட்டி. உங்கள் திருமண நாள், அவள் பிறந்தநாள் எதுவும் எண்ணாக வேண்டாம். 988 என்ற உதவி எண்ணையும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி எங்காவது எழுதி வையுங்கள்.

கடைசியாக அந்த நண்பனின் அம்மா. அவர் வீட்டுக்கு உங்கள் மகனை அனுப்பவில்லை, சரி. ஆனால் அவருடைய மகன் உங்கள் வீட்டுக்கு வருகிறான் என்கிறீர்களே, மேசை இழுப்பறையில் என்ன இருக்கிறது என்று அவரிடம் சொன்னீர்களா? அவரிடம் இருக்கும் துப்பாக்கிகள் இரும்பு அலமாரியில் இருக்கலாம். இப்போதைக்கு இரண்டு வீடுகளில் ஆபத்தானது உங்கள் வீடாகவும் இருக்கலாம்.

கேட்பது அநாகரிகம் என்று நினைக்காதீர்கள். பிள்ளை போகும் வீட்டில் துப்பாக்கி பூட்டியிருக்கிறதா என்று கேளுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமே பெற்றோருக்குச் சொல்கிறது. (ஃப்ளோரிடாவில் 2011-இல், அவசியமில்லாமல் மருத்துவர் துப்பாக்கி பற்றிக் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். 2017-இல் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஒரு கேள்விக்கு ஆறு வருட வழக்கு.) ஒவ்வாமை, நாய், நீச்சல் குளம் என்று விசாரிக்கிற வரிசையில் இதையும் சேர்த்துவிடலாம். நான் சொல்லித் தரும் வாக்கியம் இது: "எங்கள் வீட்டில் இன்னது இருக்கிறது, இப்படிப் பூட்டியிருக்கிறோம். உங்கள் வீட்டில் எப்படி?" நம்முடையதை முதலில் சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை. ஆனால் உங்களால் இப்போது அந்த வாக்கியத்தின் முதல் பாதியைச் சொல்ல முடியாது. ஆகவே முதலில் பெட்டி, அப்புறம் அந்த அம்மாவுக்கு ஃபோன்.

கணவரிடமும் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவர் மறுத்து எழுதினால் வெளியிடுகிறேன். பெட்டி வந்ததும் அதன் எண் யாருக்கெல்லாம் தெரியும் என்று எனக்கு எழுதுங்கள். எண்ணை எழுத வேண்டாம்.