கீபோர்டுக்கு சஸ்டெய்ன் பெடல் வாங்கியதிலிருந்து வாசிப்பு குழம்புகிறது, சாஸ்டெனூட்டோ எதற்கென்றே புரியவில்லை. என்ன செய்வது?

சஸ்டெய்ன் என்பது விரலை எடுத்த பிறகும் ஒலியை நீட்டிப் பிடிக்கும் பெடல். அதை எப்போது மிதிக்கிறீர்கள் என்பதை விடுங்கள், காலை எப்போது எடுக்கிறீர்கள் என்று கவனியுங்கள். முக்கால்வாசிப் பேர் கோர்டு (சேர்த்து அழுத்தும் சில ஸ்வரங்கள்) வாசிக்கும் அதே நொடியில் பெடலையும் மிதிப்பார்கள். அப்போது பழைய கோர்டின் வாலும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும், அதுதான் குழப்பம். விரல் புதிய கோர்டில் இறங்கும்போது கால் மேலே வர வேண்டும், விரல் கட்டையிலேயே இருக்கும்போது கால் மறுபடி இறங்க வேண்டும். ஸ-க-ப, ம-த-ஸ என்று இரண்டே கோர்டை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு எண்ணிக்கை வைத்து, ஒன்றில் காலை எடுத்து இரண்டில் மிதித்துப் பழகுங்கள். குதிகால் தரையை விட்டு எழவே கூடாது. முதல் இரண்டு நாள் கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் இழுக்கும், விடாமல் செய்யுங்கள்.

நான் காரைக்குடிப் பக்கம் விசேஷங்களுக்கு கீபோர்டு வாசிக்கிறேன். இந்த விஷயம் எனக்கு உறைத்தது ஒரு அறுபதாம் கல்யாணத்தில். பழைய செட்டிநாட்டு வீட்டு வளவு (முற்றத்தைச் சுற்றிய கூடம்) எப்படி இருக்கும் என்று தெரியுமில்லையா, கீழே ஆத்தங்குடிக் கல், சுவரெல்லாம் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி இழைத்த வழவழப்பு, உயரமான கூரை, சத்தம் எங்கே பட்டாலும் திரும்பி வரும். வீட்டில் வாசிக்கிற மாதிரியே ரிவர்பையும் (கீபோர்டே சேர்க்கும் எதிரொலி) போட்டுக்கொண்டு பெடலையும் அழுத்தி வாசித்தேன். ஒரு ஆச்சி பக்கத்தில் வந்து, "பாட்டு நல்லாத்தான் இருக்குப்பா, ஆனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டே போகுது" என்றார்கள். அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. ரிவர்பை அணைத்தேன், பெடல் மிதிப்பதைப் பாதியாகக் குறைத்தேன், தெளிந்துவிட்டது. அந்த வளவிலேயே கூட்டம் வந்து நிறைந்ததும் எதிரொலி குறையும், அப்போது கொஞ்சம் கூடுதலாக மிதிக்கலாம். அதனால் எந்த இடத்திலும் முதலில் ஒரு கட்டையைத் தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள்.

ராகத்துக்கும் இதில் பங்கு உண்டு. மோகனத்தில் ஸ ரி க ப த, எந்த இரண்டு ஸ்வரமும் அரைப்படி (கருப்பையும் சேர்த்து எண்ணினால் அடுத்தடுத்த கட்டை) நெருக்கத்தில் இல்லை, பெடலில் கால் கொஞ்சம் தங்கினாலும் பொறுத்துக்கொள்ளும். மாயாமாளவகௌளையில் ஸ-ரி, க-ம, ப-த, நி-ஸ என்று நாலு ஜோடி அரைப்படியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெடலோடு சரளி வரிசை வாசித்தால் நாராசமாக இருக்கும். அங்கே பெடலிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்துவிடுங்கள், விரலாலேயே இழுத்துக் கோர்த்து வாசிப்பதுதான் அழகு.

டோனையும், அதாவது கீபோர்டில் தேர்ந்தெடுக்கும் ஒலி வகையையும் பாருங்கள். பியானோ டோனில் பெடல் பிடித்தாலும் ஒலி தானாகத் தேய்ந்துவிடும். ஸ்ட்ரிங்ஸ், ஆர்கன் டோன்களில் தேயாது, காலை எடுக்கும்வரை நிற்கும். அப்புறம் பாலிஃபனி, அதாவது கீபோர்டு ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஸ்வரங்களின் எண்ணிக்கை. 32 பாலிஃபனி உள்ள கீபோர்டில் காலை எடுக்காமல் வாசித்துக்கொண்டே போனால் பழைய ஸ்வரங்கள் நடுவிலேயே அறுந்துபோகும், பலர் அதைக் கருவியின் பழுது என்று நினைக்கிறார்கள்.

இப்போது சாஸ்டெனூட்டோ. 1874-ல் ஸ்டெய்ன்வே பியானோ நிறுவனம் காப்புரிமை வாங்கிய அமைப்பு, பெரிய பியானோக்களில் நடுப் பெடல். அதை மிதிக்கும் நொடியில் எந்தக் கட்டைகள் அழுந்தியிருக்கின்றனவோ அவற்றை மட்டும் பிடித்து வைக்கும், பிறகு வாசிப்பதைத் தொடாது. முதலில் பெடலை மிதித்துவிட்டு அப்புறம் வாசித்தால் எதுவுமே நிற்காது, உங்களுக்குப் புரியாமல் போனதற்கு இதுதான் காரணமாக இருக்கும். எனக்கு இந்தப் பெடல் மேல் தனிப் பிரியம். ஸ்ட்ரிங்ஸ் டோனில் இடது கையால் ஸ-ப-ஸ அழுத்தி, பெடலை மிதித்து, கையை எடுத்துவிடுங்கள். சுருதிப் பெட்டி போல அது நின்றுகொண்டே இருக்கும், இரண்டு கையாலும் மேலே மாயாமாளவகௌளையைத் தெளிவாக வாசிக்கலாம். இரண்டு பெடலும் சேர்த்து வேண்டுமென்றால் சாஸ்டெனூட்டோவை முதலில், சஸ்டெய்னை அப்புறம். மாற்றி மிதித்தால் நிஜ பியானோவில் எல்லா ஸ்வரமும் மாட்டிக்கொள்ளும்.

கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறவர்களுக்கு: மிடியில் (கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் முறை) சஸ்டெய்ன் எண் 64, சாஸ்டெனூட்டோ 66. மதிப்பு 63 வரை அணைந்தது, 64 முதல் 127 வரை பிடித்தது. கால் தாமதமான இடங்களை அங்கேயே நகர்த்திச் சரிசெய்யலாம்.

பெடலைச் செருகிய பிறகு, கால் வைக்காமல் கீபோர்டை ஆன் செய்யுங்கள். பல கீபோர்டுகள் ஆன் ஆகும்போதுதான் பெடலின் நிலையைப் படித்துக்கொள்ளும், அப்போது மிதித்திருந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும், மிதித்தால் ஒலி அறுந்துவிடும், எடுத்தால் நீளும். அப்படி ஆனால் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். அப்புறமும் தலைகீழாகவே இருந்தால் பெடலின் அடியில் சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், அதை மாற்றிவிட்டால் சரி. ஆத்தங்குடிக் கல் தரையில் பெடல் வழுக்கிக்கொண்டு முன்னே ஓடும், பாதிக் கச்சேரி அதைக் காலால் தேடுவதிலேயே போய்விடும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடியில் ஒட்டிவிட்டேன், இப்போது அசைவதில்லை.

நடுப் பெடலுக்காக இன்னொரு பெடல் வாங்கும் முன் உங்கள் கீபோர்டின் பின்பக்கம் பாருங்கள். ஒரே ஒரு பெடல் ஜாக்தான் என்றால், அந்தப் பெடலை சாஸ்டெனூட்டோவாக மாற்றிக்கொள்ள வழியிருக்கிறதா என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.