அல்டீரியர்: அக்கரையில் இருந்த நோக்கம்

கல்லூரி மாணவி, திருச்சி: ‘அல்டீரியர் மோட்டிவ்’ என்றால் உள்நோக்கம் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் ‘அல்டீரியர்’ என்றால் ‘உள்ளே’ என்று பொருளா?

நேர் எதிர். லத்தீனில் அதற்கு ‘இன்னும் அப்பால் உள்ளது’ என்று பொருள். ‘அல்ட்ரா’ என்றால் அப்பால். அல்டீரியர் அதைவிட அப்பால். ‘அல்டிமேட்’ எல்லாவற்றுக்கும் அப்பால், கடைக்கோடி. மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மறைத்து வைத்த எண்ணத்தை ஆங்கிலக்காரர் மலைக்கு அந்தப் பக்கம் வைத்தார், நாம் நெஞ்சுக்குள் வைத்தோம்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை: ரோம வரலாற்றில் ‘ஹிஸ்பானியா அல்டீரியர்’ என்று ஒரு மாகாணம் வருகிறதே, அவர்களுக்கு என்ன உள்நோக்கம்?

ஒன்றும் இல்லை, பாவம். கி.மு. 197இல் ரோமர்கள் ஸ்பெயினில் தாங்கள் பிடித்த பகுதியை இரண்டாகப் பிரித்தார்கள். ரோமுக்குக் கிட்டே இருந்தது ‘சிட்டீரியர்’, தள்ளி இருந்தது ‘அல்டீரியர்’. நாகப்பட்டினத்துக்காரர் அக்கரைப்பேட்டை என்று சொல்வது போலத்தான். அக்கரையில் இருப்பவனுக்கு அது இக்கரை. பெயர் வைக்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதுதான் இதில் கணக்கு.

அவரே: பிறகு எப்போது கெட்ட பெயர் வந்தது?

ஆங்கிலத்துக்கு 17ஆம் நூற்றாண்டில் வந்தபோது இடத்தைக் குறிக்கும் சாதுவான சொல்தான். அடுத்த நூற்றாண்டில் இடத்திலிருந்து காலத்துக்குத் தாவியது: இப்போதைக்குச் சொல்லாத, பின்னால் வரப்போகிற திட்டம். அதிலும் குற்றம் இல்லை. ஆனால் ‘இப்போது சொல்லவில்லை’ என்றாலே ‘ஏன் சொல்லவில்லை?’ என்ற சந்தேகம் கூடவே வருமே! ‘மோட்டிவ்’ பக்கத்தில் நிரந்தரமாகக் குடியேறியதும் பெயர் கெட்டுவிட்டது.

இளம் வழக்கறிஞர், சென்னை: நீதிமன்றத்தில் இந்தச் சொல்லுக்கு எடை உண்டா?

உண்டு. ஹரியானா அரசுக்கும் அந்த மாநிலத்தின் முன்னாள் முதல்வர் பஜன்லாலுக்கும் நடந்த வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் புரட்டுங்கள். எழுதியவர் நம் ஊர் நீதிபதி எஸ். ரத்தினவேல் பாண்டியன். எந்தெந்தச் சூழலில் முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யலாம் என்று ஏழு வகை சொல்லியிருப்பார். ஏழாவது வகையில், பழிதீர்க்கும் உள்நோக்கத்தோடு தொடுத்த வழக்கு என்ற இடத்தில் இதே சொல் நிற்கிறது. ஆனால் புகாரில் சரக்கு இருந்தால், கொடுத்தவர் பகையாளி என்பது மட்டுமே வழக்கைக் கவிழ்த்துவிடாது.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: எங்கள் பாட்டி ‘உள்நோக்கம்’ என்று சொல்லிக் கேட்டதே இல்லை. அந்தக் காலத்தில் என்ன சொன்னார்கள்?

‘சோழியன் குடுமி சும்மா ஆடுமா?’ என்றிருப்பார். அல்லது ‘ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்’. செய்தித்தாள் நடையில் இருக்கும் ‘உள்நோக்கம்’ இந்த இரண்டின் பக்கத்தில் நின்றால் வெளிறித்தான் போகும்.

அழுகையை வள்ளுவரும் விடவில்லை. ‘தொழுதகை யுள்ளும் படையொடுங்கும் ஒன்னார் அழுதகண் ணீரும் அனைத்து’ (828). பகைவன் கும்பிடும் கைக்குள் ஆயுதம் இருக்கும், அவன் கண்ணீரும் அப்படியே என்கிறார். அந்தக் ‘கையுள்’ளைக் கவனியுங்கள். மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வந்த முத்தநாதன் அடியார் வேடத்தில் வந்தான், கத்தியைச் சுவடிக்கட்டுக்குள் வைத்திருந்தான். நமக்கு ஆபத்து எப்போதும் ‘உள்’ளேதான்.

ஐ.டி. ஊழியர், கோவை: உள்குத்தும் உள்நோக்கமும் ஒன்றா?

இல்லை. உள்குத்து பேச்சில் இருக்கும், உள்நோக்கம் செயலில். ‘உங்க வீட்டுக் காபி மாதிரி வராதுங்க’ என்று சிரித்துக்கொண்டே சொன்னால் உள்குத்து. அதே ஆள் தினமும் வந்து காபியைப் புகழ்ந்துவிட்டு, மாதக் கடைசியில் கைமாற்றுக் கேட்டால் உள்நோக்கம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், திருநெல்வேலி: ‘உள்நோக்கம்’ புணர்ச்சிப்படி சரியா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும் ஐயா. உள்ளும் நாக்கும் சேர்ந்து உண்ணாக்கு ஆவதுபோல, இதுவும் ‘உண்ணோக்கம்’ என்றுதான் ஆக வேண்டும். ‘அமைச்சர் வருகையில் உண்ணோக்கம்’ என்று அச்சடித்தால், அவர் சாப்பிடத்தான் வந்தார் என்று வாசகர் எடுத்துக்கொள்வார்.